வெள்ளிக்கு 108 கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆசிரியராக இருந்தவன்தான், நீங்கள் வேறு வகை ஆசிரியர், நான் சாக்பீஸ் வகை, வேதியியல். ஓய்வு பெற்ற பிறகு காலையில் காபியோடு உங்கள் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஆள். புதன்கிழமை மாணவர் இணைப்பைக்கூட விடமாட்டேன். அங்கேதான் வம்பு வந்தது.

ஒன்பதாம் வகுப்பு மாதிரி வினா விடைப் பகுதியில், அணு அமைப்பு பாடத்துக்கு ஒரு கேள்வி போட்டிருந்தீர்கள். வெள்ளியின் அணு எண் 47, அதன் நிறை எண்ணையும் நியூட்ரான்களின் எண்ணிக்கையையும் காண்க. கீழே விடை: தனிம வரிசை அட்டவணையில் வெள்ளியின் அணு நிறை 107.87, இதை முழு எண்ணாக்கினால் 108, ஆகவே நிறை எண் 108, நியூட்ரான்கள் 108 கழித்தல் 47, அதாவது 61. கணக்கு சரி, கழித்தலும் சரி. ஆனால் விடை தப்பு. ஏதோ கொஞ்சம் தப்பு என்றில்லை, அப்படி ஒரு அணு உங்கள் வீட்டு வெள்ளிக் குங்குமச் சிமிழிலும் கிடையாது, என் வீட்டு வெள்ளி டம்ளரிலும் கிடையாது.

108 என்றால் நமக்கு ஆம்புலன்ஸ் ஞாபகம் வரும், அர்ச்சனை ஞாபகம் வரும், திவ்ய தேசம் ஞாபகம் வரும். நல்ல எண்தான். வெள்ளிக்கு மட்டும் பொருந்தாது.

இதைப் படித்துவிட்டு அப்போதே எழுதியிருப்பேன், சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பெண், ஒன்பதாவது படிக்கிறாள், சாயங்காலம் பரீட்சைத் தாளை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். முகம் சரியில்லை. வகுப்புத் தேர்வில் அதே கேள்வி வந்திருக்கிறது. அவள் "107 அல்லது 109, நியூட்ரான் 60 அல்லது 62" என்று எழுதியிருக்கிறாள், ஏனென்றால் அதற்கு முந்தின மாதம் நான்தான் திண்ணையில் உட்கார வைத்து அதைச் சொல்லிக் கொடுத்தேன். சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு, இரண்டு மார்க் காலி. கேட்டதற்கு உங்கள் இணைப்பைக் காட்டியிருக்கிறார்கள். "தாத்தா, பேப்பர்லயே 108னு போட்டிருக்கு, நீங்க ஏன் அப்படி சொன்னீங்க?" என்று கேட்டாள். அவளுடைய பள்ளியைக் குறை சொல்ல நான் வரவில்லை. நானே பணியில் சேர்ந்த புதிதில் சில வருஷம் இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அந்தப் பாவத்தையும் இங்கேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன்.

முதலில் அடிப்படை. நிறை எண் என்பது தலை எண்ணுகிற கணக்கு. ஒரு அணுவின் உட்கருவுக்குள் எத்தனை புரோட்டான், எத்தனை நியூட்ரான், இரண்டையும் கூட்டினால் வருவது நிறை எண். எண்ணிக்கை என்பதால் அது எப்போதும் முழு எண். எடை போட்டு வருகிற எண் இல்லை அது. அப்புறம் முக்கியமான சங்கதி, அது ஒரு குறிப்பிட்ட அணுவுக்கு உரியது, தனிமத்துக்கு உரியது இல்லை. "வெள்ளியின் அணு எண் என்ன?" என்று கேட்கலாம், அணு எண் என்றால் புரோட்டான் எண்ணிக்கை, 47 என்று ஒரே பதில். "வெள்ளியின் நிறை எண் என்ன?" என்ற கேள்வியே அரைகுறை. எந்த வெள்ளி அணு என்று சொல்ல வேண்டும்.

அட்டவணையில் இருக்கிற 107.87 வேறு சாதி எண். இயற்கையில் கிடைக்கிற வெள்ளியில் நூற்றுக்குச் சுமார் 52 அணுவுக்கு நிறை எண் 107, மீதி 48 அணுவுக்கு 109. இரண்டின் சராசரிதான் அந்த எண். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான்: நம்ம தெருவில் பாதி வீட்டில் ஒரு பிள்ளை, பாதி வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள். சராசரி வீட்டுக்கு இரண்டு. சரி, இப்போது இரண்டு பிள்ளை இருக்கிற வீட்டைத் தேடிப் போ பார்ப்போம். தெரு முனை வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அவள் காலில் போட்டிருந்த கொலுசைக் காட்டி, இதற்குள் கோடானுகோடி அணு இருக்கிறது, 61 நியூட்ரான் உள்ள ஆள் ஒருத்தரும் குடியிருக்கவில்லை என்றேன். குனிந்து கொலுசைப் பார்த்தாள்.

108 நிறை எண்ணோடு வெள்ளியே இல்லையா என்றால், ஆய்வகத்தில் செய்யலாம். 107 மேல் நியூட்ரானை விட்டு அடித்தால் ஒன்றை விழுங்கி 108 ஆகும். ஆனால் அது சாதாரண நிலையில் தங்காது, அரை ஆயுட்காலம் 2.4 நிமிடம்தான், பெரும்பாலும் காட்மியமாக மாறிவிடும். உங்கள் விடைப்படி கொலுசு செய்தால் நகைக்கடைக்காரர் பில் போட்டு முடிப்பதற்குள் அதில் பாதி வெள்ளியே இல்லாமல் போயிருக்கும்.

இந்தக் குறுக்கு வழி எப்படி இவ்வளவு பேரிடம் பரவியது என்று யோசித்துப் பார்த்தேன். காரணம் எளிமையானது, முதலில் அது பலிக்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற முதல் இருபது தனிமத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஹைட்ரஜனில் இருந்து கால்சியம் வரைக்கும். அட்டவணை எண்ணை ரவுண்டு பண்ணினால் அந்தத் தனிமத்தில் எது அதிகமாகக் கிடைக்கிறதோ அந்த ஐசோடோப்பின் (ஒரே தனிமம், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறான வகை) நிறை எண் கச்சிதமாக வந்துவிடும். லித்தியம் 6.94, ரவுண்டு பண்ணினால் 7. போரான் 10.81, அது 11. மெக்னீசியம் 24.3, அது 24. ஒன்றுகூடத் தப்பாது. குளோரின்கூட 35.45 என்று போட்டிருப்பதால் 35 வந்து தப்பித்துக்கொள்கிறது, 35.5 என்று போட்டிருக்கிற புத்தகத்தை வைத்திருக்கிற பிள்ளை 36 என்று எழுதிவிடும், அது கதிரியக்கக் குளோரின். இருபதுக்கு இருபது சரியாக வந்தால் யார்தான் விதி என்று நம்ப மாட்டார்கள்? அதற்கு மேலேயும் ஸ்காண்டியத்தில் இருந்து கோபால்ட் வரை, அதாவது 27 வரை, வண்டி ஓடும்.

28இல் நிக்கல். அங்கே கவிழ்கிறது. அட்டவணையில் 58.69, ரவுண்டு பண்ணினால் 59. நிக்கலில் அதிகமாக இருப்பது 58, அடுத்து 60, இயற்கையில் 59 இல்லை. அடுத்து செம்பு, 63.55, ரவுண்டு பண்ணினால் 64. உங்கள் பூஜை அறைச் செம்பில் இருப்பது 63, 65 இரண்டே இரண்டு வகை. செம்பு-64 என்பது 12.7 மணி நேர அரை ஆயுள் உள்ள கதிரியக்கச் சரக்கு, ஸ்கேன் எடுப்பதற்காகத் தயாரிப்பார்கள். அடுத்து துத்தநாகம், 65.38, ரவுண்டு பண்ணினால் 65, அதுவும் கதிரியக்கம், இயற்கையில் அதிகம் 64. காலியம் 69.72, ரவுண்டு பண்ணினால் 70, இருப்பது 69, 71. ஜெர்மானியத்துக்கு 73 வரும், அப்படி ஒன்று இருக்கிறதுதான், ஆனால் நூற்றுக்கு எட்டுகூடக் கிடையாது, 74தான் அதிகம். ஆர்சனிக் ஒன்று தப்பிக்கிறது, இயற்கையில் 75 ஒன்றே வகை என்பதால். செலினியம் 78.97, அழகாக 79 என்று தோன்றும், அது இல்லை. புரோமின் 79.90, இதைவிட அழகாக 80 என்று தோன்றும், அதுவும் இல்லை, 79உம் 81உம் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 28 முதல் 35 வரை எட்டுத் தனிமத்தில் உருப்படியாகப் பலித்தது ஒன்றுதான். இதை நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பென்சிலில் போட்டுப் பார்த்தேன், ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை.

அப்படியானால் நிறை எண்ணை எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? புத்தகத்தில் "புரோட்டான் கூட்டல் நியூட்ரான்" என்று ஒரு வரியில் போட்டுவிடுகிறோம், யாரோ உள்ளே எட்டிப் பார்த்து எண்ணிவிட்டு வந்த மாதிரி. உண்மையில் நடந்தது தலைகீழ். நியூட்ரானை ஜேம்ஸ் சாட்விக் கண்டுபிடித்தது 1932இல். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பே குளோரினுக்கு 35, 37 என்று நிறை எண் எழுதிவிட்டார்கள். நியூட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல். கூட்டல் சூத்திரம் பின்னால் வந்த விளக்கம்தான், கண்டுபிடித்த வழி அது இல்லை.

கதையை முதலில் இருந்து சொல்வதென்றால் குளோரினில்தான் தொடங்க வேண்டும். 1815இல் லண்டனில் வில்லியம் பிரௌட் என்ற மருத்துவர், எல்லா அணுவின் எடையும் ஹைட்ரஜன் எடையின் முழு மடங்குகள்தான் என்று பெயர் போடாமல் ஒரு கட்டுரை எழுதினார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் குளோரின் ஒத்துழைக்கவில்லை. யார் எத்தனை தடவை, எவ்வளவு துல்லியமாக எடை போட்டாலும் 35.5ஐ ஒட்டியே வந்து நின்றது. பெல்ஜியத்தில் ஸ்டாஸ் என்பவர் 1860களில் போட்ட அளவுகளுக்குப் பிறகு பிரௌட்டின் யோசனையை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். அரை ஹைட்ரஜன் என்று ஒன்று இருக்க முடியாது இல்லையா.

இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் நியான் வாயுவைக் குழாயில் அடைத்து, மின்சாரம் பாய்ச்சி, வருகிற நேர்மின் கதிர்களை மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் வளைத்துப் பார்த்தார். ஒரு கோடு 20 என்று விழுந்தது. பக்கத்திலேயே மங்கலாக இன்னொன்று, 22. அவருடைய உதவியாளர் பிரான்சிஸ் ஆஸ்டன் இதைப் பிடித்துக்கொண்டார். முதலில் அவர் செய்தது மெனக்கெட்ட வேலை, புகைக்குழாய் செய்கிற களிமண்ணில் செய்த குழாய் வழியாக நியானைத் திரும்பத் திரும்பக் கசிய விட்டார், லேசானது சீக்கிரம் கசியும், கனமானது பின்தங்கும் என்ற கணக்கில். மாதக்கணக்கில் செய்து கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் மிகச் சின்ன அடர்த்தி வித்தியாசம் கிடைத்தது. அதற்குள் உலகப் போர் வந்து எல்லாம் நின்றது.

போர் முடிந்து திரும்பி வந்து 1919இல் அவர் கட்டிய கருவிதான் மாஸ் ஸ்பெக்ட்ரோகிராப், இன்றைக்கு இருக்கிற நிறை நிறமாலைமானிகளுக்குத் தாத்தா. தத்துவம் ரொம்பச் சாதாரணம். சைக்கிளும் சரக்கு லாரியும் ஒரே வேகத்தில் வந்து ஒரே வளைவில் திரும்பினால், சைக்கிள் சட்டென்று ஒடிந்து திரும்பும், லாரி அகலமாக வளையும். அணுவில் இருந்து ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிட்டால் அது மின்சுமை உள்ள அயனி. அதை வேகமாக ஓட விட்டுக் காந்தப்புலத்தில் வளைய விட்டால் லேசான அயனி அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும். ஒவ்வொரு நிறையும் போட்டோத் தகட்டில் தனித்தனி இடத்தில் போய் ஒரு கோடு போடும். எண் தெரிந்த ஆக்சிஜனையோ கார்பனையோ கூடவே ஓட விட்டால் அது அளவுகோல், மற்ற கோடுகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று அளந்து நிறையைச் சொல்லிவிடலாம்.

குளோரினை ஓட விட்டபோது அந்தத் தகட்டில் நான்கு கோடு விழுந்தது: 35, 36, 37, 38. இந்த இடத்தை நான் வகுப்பில் எப்போதும் நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். 35.5 என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. நூறு வருஷமாக எல்லோரும் எடை போட்ட அந்தப் புகழ்பெற்ற எண், தகட்டில் வெற்றிடம். அப்படியானால் 36உம் 38உம் என்ன? ஆஸ்டன் ஏமாறவில்லை. அவை குளோரின் இல்லை, 35 ஒரு ஹைட்ரஜனைத் தோளில் தூக்கிக்கொண்டால் 36, 37 தூக்கிக்கொண்டால் 38. ஹைட்ரஜன் குளோரைடு. ஆக, குளோரின் இரண்டு வகை, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில். சராசரி 35.5. பிரௌட் பாதி ஜெயித்துவிட்டார், செத்து எழுபது வருஷம் கழித்து.

புரோமின் இன்னும் வேடிக்கை. அதன் அணு எடை 80ஐ ஒட்டி இருந்ததால், இது ஒரே வகையாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயற்கை. தகட்டில் 80 இல்லை. 79, 81, சமமான இரண்டு கோடு. உங்கள் இணைப்பில் விடை எழுதியவர் செய்த அதே யூகத்தை நூறு வருஷத்துக்கு முன்பே கருவி பொய்யாக்கிவிட்டது. ஆஸ்டனுக்கு 1922இல் வேதியியல் நோபல் பரிசு, ஐசோடோப்புகளுக்காகவும், ஒவ்வொரு ஐசோடோப்பின் நிறையும் முழு எண்ணை ஒட்டியே இருக்கும் என்ற முழு எண் விதிக்காகவும்.

அணு எண் வந்த வழி வேறு. 1913இல் ஹென்றி மோஸ்லி எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்து ஒவ்வொரு தனிமத்துக்கும் வரிசை எண் கொடுத்தார், இரண்டே வருஷத்தில் கலிபோலி போர்க்களத்தில் 27 வயதில் குண்டடி பட்டுச் செத்தும் போனார். அவர் கொடுத்த 47ஐ, நிறமாலைமானி கொடுத்த 107, 109 ஆகியவற்றில் இருந்து கழித்தால் நியூட்ரான் 60, 62. இரண்டு தனித்தனி அளவீடு, அப்புறம் ஒரு கழித்தல். இவ்வளவுதான் விஷயம்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வருகிறேன். அவள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கால்குலேட்டரில் 107ஐ 0.5184ஆலும் 109ஐ 0.4816ஆலும் பெருக்கிக் கூட்டிவிட்டு, "தாத்தா, 107.96 வருது, அட்டவணைல 107.87 போட்டிருக்கு, ஒதைக்குதே" என்றாள். முப்பது வருஷ வேலையில் இதைக் கவனித்துக் கேட்ட பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். காரணம், நிறை எண் 107 உள்ள வெள்ளி அணுவின் உண்மையான நிறை 107 இல்லை, 106.905. அது எண்ணிக்கை, இது எடை. 47 புரோட்டான், 47 எலக்ட்ரான், 60 நியூட்ரான் எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுத்தால் 107.89 வருகிறது. ஒன்றாகச் சேர்ந்து அணுவானதும் 106.91. கிட்டத்தட்ட ஒரு நியூட்ரான் அளவு எடையே காணோம், ஆனால் ஆள் ஒருவரும் குறையவில்லை, எண்ணிப் பார்த்தால் 107 பேரும் இருக்கிறார்கள். காணாமல் போன எடை பிணைப்பு ஆற்றலாக வெளியே போய்விட்டது. கார்பன்-12க்கும் இதே மாதிரி எடை இறங்கித்தான் இருக்கிறது, அதை 12 என்று நாமே வைத்துக்கொண்டு மற்றதை அளப்பதால் எந்தத் தனி ஐசோடோப்பின் எடையும் முழு எண்ணை விட்டு ரொம்ப விலகாது. அதனால் ரவுண்டு பண்ணுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. தனி ஐசோடோப்பின் நிறையை ரவுண்டு பண்ணுங்கள், 106.905 என்றால் 107, எப்போதும் சரியாக வரும். கலவையின் சராசரியை ரவுண்டு பண்ணாதீர்கள்.

அந்தச் சராசரியே சில இடங்களில் ஊருக்கு ஊர் மாறும். ஈயம் நல்ல உதாரணம், நமக்குப் பக்கத்து ஊர் உதாரணமும்கூட. சாதாரண ஈயம் 207.2. 1914ஐ ஒட்டிய வருஷங்களில் பிரெடரிக் சாடி, ஐசோடோப்பு என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர், இலங்கையில் கிடைத்த, தோரியம் உள்ள தோரைட் கனிமத்தில் இருந்து எடுத்த ஈயத்தைச் சோதித்துப் பார்த்தார். அது சாதாரண ஈயத்தைவிடக் கனமாக, 207.7ஐ ஒட்டி இருந்தது, ஏனென்றால் தோரியம் சிதைந்து கடைசியில் ஈயம்-208ஆக நிற்கிறது. யுரேனியம் தாதுவில் இருந்து எடுத்த ஈயமோ 206ஐ ஒட்டி, யுரேனியம்-238 போய் நிற்கிற இடம் ஈயம்-206. மூன்றும் ஈயம்தான், வேதியியல் பண்பு ஒன்றுதான். ரவுண்டு பண்ணுகிற மாணவன் இலங்கை ஈயத்துக்கு 208 என்றும் யுரேனியத் தாது ஈயத்துக்கு 206 என்றும் கடைத்தெரு ஈயத்துக்கு 207 என்றும் எழுதுவான். எந்த விடைக்கு மார்க் போடுவீர்கள்? இப்போது சர்வதேச வேதியியல் அமைப்பே ஈயத்துக்கு ஒற்றை எண் கொடுப்பதை விட்டுவிட்டு 206.14 முதல் 207.94 வரை என்று வீச்சாகக் கொடுக்கிறது.

அட்டவணையில் நிஜமாகவே நிறை எண்ணைப் போட்டிருக்கிற இடமும் உண்டு. பொலோனியம், ரேடான், ரேடியம் போன்ற நிலையில்லாத தனிமங்களுக்கு அடைப்புக்குள் 209, 222, 226 என்று முழு எண் இருக்கும். சராசரி போட இயற்கையில் நிலையான கலவை இல்லாததால், நீண்ட காலம் தங்குகிற ஒரு ஐசோடோப்பின் நிறை எண்ணை அப்படியே கொடுத்துவிடுவார்கள். இதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை, அடைப்புக்குறி ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் ஒரு மார்க்குக்கும் இரண்டு மார்க்குக்கும் ஆன சங்கதி, இதற்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் பேப்பரே கீழடியைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019இல் தொல்லியல் துறை அறிக்கை வந்தபோது, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிப் பெற்ற முடிவு என்று தலைப்புச் செய்தி போட்டீர்கள். அந்த ஆய்வகத்தில் செய்தது என்ன? நிறை எண் 14 உள்ள கார்பனை 12 உள்ள கார்பனில் இருந்து பிரித்து எண்ணினார்கள், ஆஸ்டன் செய்த வேலையேதான், கருவி பெரிது. உயிருள்ள பொருளில் கார்பன்-14 லட்சம் கோடிக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும், செத்த பிறகு 5730 வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகும், கீழடிக் காலத்துக் கரியில் நாலில் மூன்று பங்கை ஒட்டி மிச்சம். அதிலும் ஒரு சிக்கல், காற்றில் நிறைந்து கிடக்கிற நைட்ரஜனின் நிறை எண்ணும் 14. பாடத்தில் ஐசோபார் என்று படிக்கிறார்களே, அதுதான், வேறு தனிமம், ஒரே நிறை எண். எடையை வைத்து இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. அதற்கு ஒரு சாமர்த்தியம் செய்கிறார்கள், எதிர்மின் அயனியாக்கி அனுப்புகிறார்கள், கார்பன் எதிர்மின் அயனியாக நிற்கும், நைட்ரஜன் நிற்காது, வாசலிலேயே கழன்றுவிடும். அப்புறமும் கார்பன்-12 இரண்டு ஹைட்ரஜனைத் தூக்கிக்கொண்டு 14 வேஷம் போட்டு வரும், குளோரின் 36 வேஷம் போட்ட அதே மாதிரி. அதை ஒரு மெல்லிய படலத்திலோ வாயுவிலோ மோதவிட்டு உடைத்துவிடுவார்கள். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, ஐசோபார் என்ற சொல்லுக்குப் பரீட்சைக்கு வெளியே ஒரு உபயோகம் இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டாள்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், இரண்டு விஷயம். ஒன்று, வருகிற புதன்கிழமை அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகத் திருத்தம் போடுங்கள், பத்தாம் பக்கத்தில் ஏலம், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே எறும்பு எழுத்தில் வேண்டாம். இரண்டாவது, இனிமேல் கேள்வி போடும்போது "வெள்ளியின் நிறை எண்" என்று கேட்காமல் "வெள்ளி-109 அணுவில் நியூட்ரான் எத்தனை" என்று கேளுங்கள், அல்லது இரண்டு ஐசோடோப்புகளின் நிறையையும் விகிதத்தையும் கொடுத்துச் சராசரி கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கேள்வி தயாரிப்பவருக்கு ஐந்து நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான். இலங்கைப் பள்ளிகளில் நிறை எண்ணைத் திணிவெண் என்பார்கள், அந்தச் சொல்லையும் ஒரு தடவை போட்டுவிட்டால் உங்கள் இணையப் பதிப்பைப் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கும் உதவும்.

இடம் போதாது என்றால் ஆஸ்டன் கதையைத் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எட்டுத் தனிமக் கணக்கை மட்டும் வெட்டாதீர்கள், மத்தியானத் தூக்கத்தை விட்டுப் போட்டது. திருத்தம் வந்த பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு அந்தப் பெண் தன் வேதியியல் மிஸ்ஸிடம் போகப் போகிறாளாம். இரண்டு மார்க் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
கோவில்பட்டி